டீசல் ஊறிய மண்: கிணற்றைச் சோதிக்க முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பஸ் டிப்போ, லொறி நிறுத்தும் காணி, வாகனம் கழுவும் சேவை நிலையம், ஒழுங்கை முனையில் இருக்கும் கராஜ், உழவு இயந்திரங்கள் நிற்கும் கொட்டகை ஆகியவற்றில் ஏதோவொன்று எங்கள் எல்லோரின் வீட்டுக்கும் கிட்டவே இருக்கிறது. முகாமாக இருந்து விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பியவர்களுக்கோ, வாகனங்கள் எங்கே நின்றன, மின்பிறப்பாக்கி எங்கே இயங்கியது என்பதுகூடத் தெரியாது. அந்த மண்ணில் டீசல் இறங்கியிருக்கிறதா என்ற சந்தேகம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரில் மணம் வந்த பிறகுதான் எழுகிறது. அப்போது எல்லோரும் கிணற்றைச் சோதிக்கச் சொல்கிறார்கள். மண்ணைச் சோதிக்கச் சொல்பவர்கள் குறைவு.

கிணற்றுத் தண்ணீரின் சோதனை, அன்றைய தினம் அந்தத் தண்ணீரில் எண்ணெய் இருந்ததா என்று மட்டுமே சொல்லும். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலமாக இறங்குகிறது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு மண்ணில்தான் விடை தேடவேண்டும். இழப்பீடு கேட்கவும், பொறுப்பை ஒருவர் மீது சுமத்தவும், சுமத்தப்பட்ட பொய்யிலிருந்து ஒருவர் தப்பவும் அந்த விடைகளே தேவைப்படுகின்றன.

பெரிய விபத்து நடந்தால்தான் மண் கெடும் என்று இல்லை. 20 துளி ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர். தளர்ந்த ஒரு குழாய்ப் பொருத்திலிருந்து 10 விநாடிக்கு ஒரு துளி டீசல் சொட்டினால் ஒரு நாளைக்கு 430 மில்லிலீற்றர் ஆகும். ஒரு வருடத்தில் அது 150 லீற்றரைத் தாண்டிவிடும். ஒரு பரலில் முக்கால் பங்கு எவருடைய கண்ணிலும் படாமல் நிலத்துக்குள் போய்விடுகிறது.

சுன்னாகம் காட்டிய பாடம்

வடக்கில் இதைப் பற்றிப் பேசும்போது சுன்னாகத்தைத் தவிர்க்க முடியாது. அது வாகன நிலையம் அல்ல, அனல் மின்நிலைய வளாகம். ஆனால் நிலத்தில் விடப்பட்ட எரிபொருளும் கழிவு எண்ணெயும் கிணறுகளுக்குப் போன கதை என்பதால், ஒரு டிப்போவில் கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் அங்கேயும் எழுந்தன.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இன் இறுதியிலிருந்து 2014 இன் நடுப்பகுதி வரை, மின்நிலையத்தைச் சுற்றி 1.5 கிலோமீற்றர் தூரத்துக்குள் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில், அதாவது 73 வீதமானவற்றில், எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியிருந்தன. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பவுசரில் தண்ணீர் வந்தது. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையோ, ஆபத்தான மாசு இல்லை என்ற பக்கமாக நின்றது. எதை நம்புவது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள்.

சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின்நிலையத்தை இயக்கிய நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் எனக் கட்டளையிட்டது. இலங்கையின் சுற்றாடல் வழக்குகளில் இது முக்கியமான தீர்ப்பு. ஆனால் ஒரு குடும்பம் கிணற்றை மீண்டும் நம்பிப் பாவிப்பதற்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் உதவும் என்பதைச் சுன்னாகத்தார்தான் சொல்லவேண்டும்.

அந்த வளாகத்தில் 1950களின் இறுதியிலிருந்தே மின் உற்பத்தி நடந்திருக்கிறது. இடையில் போர் வந்தது, பின்னர் புதிய இயக்குநர்கள் வந்தார்கள். ஆகவே 'இது எங்களுடைய எண்ணெய் அல்ல, முன்னையவர்களுடையது' என்ற வாதத்துக்கு அங்கே இடம் இருந்தது. பழைய டிப்போ எதுவானாலும் இதே வாதம் வரும்.

மண்ணுக்குள் டீசல் என்ன செய்கிறது?

டீசல் ஒரே ஒரு பொருள் அல்ல. ஏறத்தாழ 10 முதல் 25 காபன் அணுக்கள் வரை கொண்ட பல நூறு ஐதரோகாபன்களின் கலவை. பெற்றோலைப் போல விரைவில் ஆவியாகாது. தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். தண்ணீரை விட எடை குறைந்தது.

நிலத்தில் சிந்திய டீசல் முதலில் மண் துணிக்கைகளுக்கு இடையே பிடித்துக்கொள்கிறது. மண் தாங்கக்கூடிய அளவை மீறியது கீழே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் படலமாக மிதக்கிறது. மாரியில் நீர்மட்டம் உயரும்போது படலமும் உயர்கிறது, கோடையில் தாழும்போது தாழ்கிறது. ஏறி இறங்கும் வழியெல்லாம் மண்ணிலும் கல்லிலும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போகிறது. ஒரு மாதத்தில் நாறிய கிணறு அடுத்த மாதம் சுத்தமாகத் தெரிந்து, மழைக்குப் பின் மறுபடியும் நாறுவதற்கு இது ஒரு காரணம். 'இறைத்துவிட்டோம், சரியாகிவிட்டது' என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். பல இடங்களில் மண் படை மிக மெல்லியது. மண் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்னும். சுண்ணக்கல்லின் வெடிப்புகளும் குகைகளும் அப்படிச் செய்வதில்லை, குழாயைப் போலக் கடத்திவிடுகின்றன. பக்கத்துக் கிணறு தப்ப, தூரத்துக் கிணறு கெடலாம். வற்றாத ஆறில்லாத இந்த நிலத்தில் எங்கள் நன்னீரில் பெரும்பகுதி மழையால் இந்தக் கல்லுக்குள் சேர்வது.

தோண்ட முன் வரலாறு

ஒழுங்கான விசாரணை மண்வெட்டியோடு தொடங்குவதில்லை. அந்தக் காணியில் எந்த ஆண்டில் என்ன இருந்தது என்ற வரலாற்றோடுதான் தொடங்குகிறது. உறுதி, பழைய வரைபடம், பழைய செய்மதிப் படம், எரிபொருள் வாங்கிய பதிவேடு, அங்கு வேலை செய்த சாரதிகளினதும் மெக்கானிக்குகளினதும் நினைவு எல்லாமே சான்றுகள்தான். தாங்கி நிலத்துக்கு மேலே இருந்ததா, கீழே புதைக்கப்பட்டதா? டீசல் அடித்த இடம் எது? வாகனம் கழுவிய தண்ணீர் எங்கே ஓடியது? கழிவு ஒயில் பரல்கள் எங்கே நின்றன? எஞ்சின் திருத்திய குழி எங்கே இருந்தது, அது மூடப்பட்டதா? ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்களில் இந்த வரலாற்றுக்குப் போரின் அடுக்குகளும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் காலத்துக் கராஜ் நிலத்தில் டீசலோடு மண்ணெண்ணெயின் தடமும் இருக்கலாம். இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்ட தாங்கிகள், ஷெல்லடியில் துளைபட்ட தாங்கிகள், பிறகு வேறு யாரோ நிறுத்திய வாகனங்கள் எல்லாம் அந்த மண்ணில் எழுதப்பட்டிருக்கின்றன. 2022 எரிபொருள் நெருக்கடியில் வீடுகளிலும் கொட்டில்களிலும் கான்களில் சேமித்த டீசலும் இதில் சேரும்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முதலில் கவனிக்க வேண்டியது. விடுவிக்கப்பட்ட காணியில் கண்ணிவெடி அகற்றிய சான்று உறுதியாகத் தெரியாமல் எந்தக் குழியும் தோண்ட வேண்டாம்.

கண்ணும் மூக்கும் சொல்பவை

ஆய்வுகூடத்துக்குப் போக முன் பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. கறுத்த மண், புல் முளைக்காத திட்டு, மழை வந்ததும் எழும் எண்ணெய் மணம், வடிகானில் வானவில் நிறப் படலம். படலத்தைப் பார்த்தவுடன் எண்ணெய் என்று முடிவுகட்டக் கூடாது. இரும்புச் சத்துள்ள தேங்கிய நீரில் நுண்ணுயிர்களாலும் அதே போன்ற படலம் உண்டாகும். ஒரு தடியால் கிளறிப் பாருங்கள். நுண்ணுயிர்ப் படலம் கண்ணாடித் துண்டுகள் போல உடைந்து பிரிந்து நிற்கும். எண்ணெய்ப் படலம் சுழன்று மீண்டும் ஒன்றுசேரும்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் மண்ணும் தண்ணீரும் இட்டு, மூடிக் குலுக்கி வைத்தால், எண்ணெய் கூடுதலாக உள்ள மண்ணிலிருந்து மேலே படலம் எழும். எழவில்லை என்றால் மண் சுத்தம் என்று பொருள் இல்லை, குறைந்த அளவை இந்த முறை காட்டாது. மண்ணை மூக்கருகே வைத்து முகரவேண்டாம். எண்ணெய் மணக்கும் கிணற்றுக்குள்ளோ பழைய தாங்கிக்குள்ளோ எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். உள்ளே ஒட்சிசன் குறைந்திருக்கலாம், ஆவி தீப்பற்றவும் கூடும்.

எங்கே, எப்படி மாதிரி எடுப்பது?

மாதிரி எடுக்கும் இடத்தைத் தெரிவு செய்வதில்தான் விசாரணையின் நேர்மை தெரியும். தாங்கியின் இரு முனைகள், குழாய்ப் பொருத்துகள், டீசல் அடித்த இடம், கழுவுமிடத்தின் வடிகால், எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி, கழிவு ஒயில் வைத்த மூலை ஆகியவை கட்டாயம். அத்தோடு வாகனமே போகாத, அதே வகை மண்ணுள்ள ஓர் இடத்திலிருந்தும் மாதிரி வேண்டும். அந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாவிட்டால் 'இந்த ஊர் மண்ணே இப்படித்தான்' என்ற பதிலுக்கு மறுமொழி இருக்காது.

மேல்மண்ணை மட்டும் எடுத்தால் போதாது. பழைய கசிவுக்கு மேல் புது மண் கொட்டப்பட்டிருக்கும், அல்லது மேற்பகுதி வெயிலிலும் மழையிலும் குறைந்திருக்கும். கைத் துளைகருவியால் ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில், கல் தட்டும் வரை எடுக்கவேண்டும். மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தால் மேலிருந்து சிந்தியது. மேலே இல்லாமல் ஆழத்தில் மட்டும் இருந்தால், புதைந்த குழாயிலிருந்தோ நிலத்தடி நீரோடு வேறிடத்திலிருந்தோ வந்திருக்கலாம். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக்கினால் செலவு குறையும். ஆனால் கெட்ட மண் நல்ல மண்ணோடு கலந்து, அளவு குறைந்து தெரியும்.

மாதிரியைப் பிளாஸ்ரிக் பையில் போடக் கூடாது. ஆய்வுகூடம் தரும் சுத்தமான கண்ணாடிப் போத்தலில், காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் 4 பாகை செல்சியஸ் அளவில் கொண்டுபோக வேண்டும். மண் மாதிரியிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்கும் வேலை 14 நாட்களுக்குள் தொடங்குவது பொதுவான நடைமுறை. ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்றி, கருவியைக் கழுவவேண்டும்.

இடம், ஆழம், திகதி, நேரம், எடுத்தவர் பெயர், கைமாறிய ஒவ்வொருவரின் கையொப்பம் ஆகியன ஒரே தாளில் இருக்கவேண்டும். கிராம அலுவலர் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முன்னிலையில் எடுத்தால் இன்னும் நல்லது. இருதரப்பும் நின்று, மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பலாம். நீதிமன்றத்தில் பல வழக்குகள் தோற்பது இரசாயனத்தால் அல்ல, இந்தத் தாள் இல்லாததால்.

அறிக்கையை எப்படி வாசிப்பது?

'எண்ணெயும் கிறீசும்' என்ற சோதனை ஒரு கரைப்பானில் கரையும் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது. தாவர எண்ணெயும், சமையல் கொழுப்பும், அழுகிய இலையின் மெழுகும் அதில் சேரக்கூடும். 'மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன்' என்ற சோதனை பெற்றோலியத்தை மட்டும் குறிவைக்கிறது. பென்சீன், தொலுவீன் போன்றவற்றைத் தேடும் சோதனை வேறு. டீசலில் இவை பெற்றோலை விட மிகக் குறைவு. ஆகவே 'பென்சீன் இல்லை' என்ற அறிக்கை 'டீசல் இல்லை' என்ற அறிக்கை ஆகாது. நப்தலீன் போன்ற பல்வளைய ஐதரோகாபன்களையும், கழிவு ஒயில் சந்தேகம் இருந்தால் ஈயம் உள்ளிட்ட உலோகங்களையும் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

இரண்டு அறிக்கைகள் முரண்படும்போது, யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்பதற்கு முன் எதை அளந்தார்கள், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் எடுத்தார்கள், எவ்வளவு சிறிய அளவு வரை அந்தக் கருவி காணும் என்று கேட்பது பயன் தரும். 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்கு, அந்தக் கருவியின் எல்லைக்கு மேல் இல்லை என்பது மட்டுமே பொருள்.

மண் முடிவுகள் ஒரு கிலோகிராம் உலர்ந்த மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று வரும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புறநாட்டு அளவு உண்டு. நெதர்லாந்தில் கனிய எண்ணெய் ஒரு கிலோகிராம் மண்ணில் 5,000 மில்லிகிராமைத் தாண்டினால் அது தலையிட வேண்டிய கடும் மாசு. அது அந்த நாட்டு மண்ணுக்கு வகுத்த அளவு. மெல்லிய மண்ணுக்குக் கீழே வெடித்த சுண்ணக்கல்லும் குடிநீர்க் கிணறும் உள்ள இடத்தில், அதைவிடக் குறைந்த அளவும் கவலைக்குரியதுதான்.

யாருடைய எண்ணெய், எந்தக் காலத்து எண்ணெய்?

வாயு நிறப்பகுப்பு என்ற முறையில் வரும் வரைபடத்தை ஆய்வுகூடத்திடம் கேட்டு வாங்குங்கள். எண் மட்டும் போதாது. புது டீசலின் வரைபடம் சீப்பின் பற்களைப் போல ஒழுங்கான முனைகளோடு இருக்கும். காலம் செல்ல, நுண்ணுயிர்கள் நேர்ச்சங்கிலி ஐதரோகாபன்களை முதலில் தின்ன, முனைகள் குறைந்து ஒரு மேடு மட்டும் மிஞ்சும். எளிதில் சிதையும் 17 காபன் சங்கிலிக்கும், சிதைய மறுக்கும் பிரிஸ்ரேன் என்ற பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, கசிவு புதியதா பழையதா என்று நிபுணர்கள் கருத்துச் சொல்வார்கள். இது திகதி போட்ட பற்றுச்சீட்டு அல்ல. மண்ணின் ஈரமும் வெப்பமும் ஒட்சிசனும் இதன் வேகத்தை மாற்றும். ஆனால் இருபது வருடப் பழைய எண்ணெய் என்று ஒருவர் சொல்லும் இடத்தில் சீப்புப் பற்கள் முழுதாக நின்றால், அந்தக் கூற்றைக் கேள்வி கேட்க அது போதும். மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஒயில் மூன்றும் அதே வரைபடத்தில் வெவ்வேறு இடங்களில் தெரியும்.

கண்டுபிடித்த பின்

முதல் வேலை கசிவை நிறுத்துவது. அது நிற்காமல் செய்யும் எந்தச் சுத்திகரிப்பும் வீண். அடுத்து, எண்ணெய் மணக்கும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பாவிப்பதை நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், டீசல் போகாது. டீசல் ஊறிய மண்ணுக்கூடாகப் போகும் பொலித்தீன் குடிநீர்க் குழாய்க்குள்ளும் ஐதரோகாபன்கள் ஊடுருவக்கூடும் என்பதால், குழாய்த் தண்ணீரையும் கவனியுங்கள்.

கெட்ட மண்ணுக்கு மேல் புது மண் கொட்டுவதும், கொங்கிறீற் போடுவதும், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், கொளுத்துவதும் செய்யக் கூடாதவை. சவர்க்காரம் எண்ணெயை இன்னும் கீழே கொண்டுபோகும். தோண்டிய மண்ணை வயலிலோ குளக்கரையிலோ கொட்டினால், ஒரு கிணற்றின் கதை இரண்டாகும்.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. டீசல் நுண்ணுயிர்களால் சிதையக்கூடியது, எங்கள் காலநிலை அதற்கு உகந்தது. கெட்ட மண்ணைத் தோண்டி, அடியில் நீர் புகாத விரிப்பு இட்ட தளத்தில் பரப்பி, ஈரமும் நைதரசன், பொசுபரசு உரமும் சேர்த்து, காற்றுப்பட அடிக்கடி கிளறிவிடும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. மாதக் கணக்கில் அளவு இறங்கும். மழைக்கு மூடவேண்டும், இடையிடையே சோதிக்க வேண்டும். கல் வெடிப்புக்குள் போன எண்ணெயை இப்படி எடுக்க முடியாது. அதனால்தான் மண்ணில் இருக்கும்போதே பிடிப்பது முக்கியம்.

சட்டத்தின் வாசல்கள்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், வாகனச் சேவை நிலையங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறவேண்டும். அந்த உரிமம் உண்டா, அதன் நிபந்தனைகள் என்ன, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ பிரதேச சபையிடமோ எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

பொதுத் தொல்லையை அகற்ற, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளையிடலாம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கால எல்லை உண்டு என்பதால், திகதிகளைக் குறித்து வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர்களில் கராஜ் வைத்திருப்பவர் பெரும்பாலும் எங்களில் ஒருவர். போரில் எல்லாம் இழந்து, கடன்பட்டுத் தொழிலை மீண்டும் தொடங்கியவர். அவருடைய பிள்ளைகளும் அதே நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறார்கள். எல்லாக் கசிவுக்கும் வழக்குத் தேவையில்லை. திருத்துமிடத்துக்குக் கொங்கிறீற் தளமும், சுற்றி ஒரு சிறு வரம்பும், பரலுக்கு அடியில் ஒரு தட்டும், கழுவும் தண்ணீர் போகும் வழியில் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் பெருஞ்செலவு அல்ல. மாரி தொடங்க முன் அவரிடம் போய்ப் பேசுவது முதற்படி. பேச்சு பயன் தராத இடத்தில், கையொப்பமிட்ட தாளோடு கூடிய மண் மாதிரி அடுத்த படி.